ரிவால்வரா, பிஸ்டலா?
ஆத்மரட்சணைக்கென்று கைத்துப்பாக்கி வாங்கும் வழக்கம் வேரூன்றிவிட்ட அமெரிக்க தேசத்தில், ரிவால்வர் சிலாக்கியமா, தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல் சிலாக்கியமா என்ற தர்க்கம் நூறாண்டு கடந்தும் ஓய்ந்தபாடில்லை. 1836-ல் சாமுவேல் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற யந்திரத்தின் வம்சத்தில் வந்த ரிவால்வர், பெரும்பாலும் ஐந்தாறு தோட்டாக்களையே கொள்ளுமாயினும், ஒன்று வெடிக்காமற்போனால் விசையை மறுபடி இழுத்த மாத்திரத்தில் அடுத்ததைச் சுழற்றிக் கொணரும். க்ளாக் 17 போன்ற பிஸ்டலோ, கூட்டில் பதினேழு தோட்டாக்களைத் தாங்கி, காலியான கூட்டை நொடிகளில் மாற்றவும் இடங்கொடுத்த போதிலும், தோட்டா சிக்கினால் அதை விடுவிக்கும் அப்பியாசத்தைத் தன் எஜமானனிடம் எதிர்பார்க்கிறது. 1986 ஏப்ரல் 11-ல் மயாமியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் மாண்ட மோதலில், கையில் குண்டடிபட்ட மற்றோர் அதிகாரி தம் ரிவால்வரில் மீண்டும் தோட்டா நிரப்ப இயலாமல் தவித்ததைப் பிஸ்டலின் பக்ஷத்தார் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் மாண்ட இருவரின் கைகளிலும் இருந்தவை பிஸ்டல்களே என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஆகவே, மாதந்தோறும் பயிற்சிக்களம் செல்லும் சிரத்தை உள்ளவனுக்குப் பிஸ்டலும், வாங்கி வைத்ததோடு மறந்துவிடும் சாமானிய கிருஹஸ்தனுக்கு ரிவால்வருமே உசிதம் என்பது என் அபிப்பிராயம். எதை வாங்கினாலும், குழந்தையின் கைக்கு எட்டாதபடி அதைப் பூட்டி வைக்கும் புத்தி இல்லாதவன் இரண்டையும் வாங்காதிருப்பதே உத்தமம்.