செவ்வாய்க்கிழமைப் பொங்கல்

2025-ஆம் ஆண்டில் தை முதல் நாள் செவ்வாய்க்கிழமையன்று பிறந்தது. நியூ ஜெர்சியில் நாங்கள் வசிக்கும் ஊரில், பள்ளிக்கூடத்து அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டி, கும்மியும் கோலாட்டமுமாகப் பொங்கல் கொண்டாடியதோ அதற்கு அடுத்த சனிக்கிழமையில். சூரியன் மகர ராசியில் பிரவேசிக்கும் வேளையை வைத்துத் தலைமுறை தலைமுறையாக நிர்ணயிக்கப்பட்டு வந்த ஒரு திருநாள், அரங்கம் என்றைக்குக் காலியாக இருக்கிறது என்பதை வைத்து நிர்ணயிக்கப்பட்டதை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் அதிசயமாகக் கருதவில்லை. பழகிவிட்டோம்.

1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசிய மக்களுக்கு இந்நாட்டின் வாசலைத் திறந்துவிட்ட பின்னர், முதலில் மருத்துவர்களும் பொறியாளர்களுமாகவும், பிற்பாடு கணினித் தொழிலைப் பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கிலும் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும், இந்தப் பெருந்தேசத்தின் நடுவே ஒரு சிறு தீவைப் போலத்தான் ஜீவனம் நடத்தி வருகின்றன. அந்தத் தீவின் கரையில் அந்நிய நாகரிகம் எந்தத் துறையில் வந்து இறங்குகிறது என்று கேட்டால், உடையையும் உணவையும் பலர் சுட்டிக் காட்டுவார்கள். என் அபிப்பிராயம் வேறு. பட்டுப்புடவைக்கும் சாம்பாருக்கும் இங்கே ஒரு குறையும் நேரவில்லை. எடிசன் நகரத்து ஓக் ட்ரீ சாலைக்குப் போனால் முருங்கைக்காயும் கிடைக்கிறது, அப்பளமும் கிடைக்கிறது. மாறிப்போனது நம்முடைய காலக் கணக்கு. ஐந்து நாள் உழைப்பு, இரண்டு நாள் ஓய்வு என்னும் இந்நாட்டு வாரம், சத்தமின்றி நம் பஞ்சாங்கத்தின் மீது ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதில் வருத்தப்பட வேண்டியது அதிகம் இல்லை என்றே முதலில் சொல்லிவிடுகிறேன். திருவையாற்றில் காவேரிக் கரையில் புஷ்ய பகுள பஞ்சமியன்று நடக்கும் தியாகராஜ ஆராதனையை, கிளீவ்லாண்டுத் தமிழர்களும் பிற சங்கீத ரசிகர்களும் 1978 முதல் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி நடத்தி வருகிறார்கள். கிறிஸ்தவர்களின் புனித வாரத்தில் பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஒலிப்பதனால் அந்த மகானுடைய சங்கீதத்துக்கு யாதொரு குறைவும் வந்துவிடவில்லை. கலிபோர்னியாவின் லிவர்மோரில் சிவனும் விஷ்ணுவும் ஒரே ஆலயத்தில் வீற்றிருக்க, டெக்சாஸ் பேர்லண்டில் மீனாட்சியம்மைக்குக் கோயில் எழுந்திருக்க, திதி தவறாமல் அர்ச்சகர் பூஜை செய்ய, பக்தர்கள் சனி ஞாயிறில் திரள்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெளியே புறப்பட இருந்தவர், "நாலரை ஆகப்போகிறது, ராகுகாலம்" என்று சோபாவில் அமர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அது காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு அஸ்தமிக்கும் சூரியனுக்கு வகுத்த வாய்பாடு. நியூ ஜெர்சியில் டிசம்பரில் சூரியன் ஏறக்குறைய நாலரைக்கே மறைந்துவிடுவதால், பகலை எட்டாகப் பகுத்துக் கடைசிப் பங்கை எடுத்தால், ராகுகாலம் மூன்றரைக்குச் சற்று முன்பாகவே தொடங்கி, அவர் உட்கார்ந்த வேளையில் முடியும் தறுவாயில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்ததைக் காட்டி இதைச் சொன்னபோது அவர் சற்று யோசித்து, "நிற்கிற இடத்துச் சூரியன்தானே கணக்கு" என்று எழுந்துவிட்டார். சம்பிரதாயம் தானே இடத்துக்கேற்ப வளைந்துகொடுக்க இடம் வைத்திருக்கிறது என்பதை அன்றைக்கு அவரிடமிருந்து அறிந்துகொண்டேன்.

ஆகவே பண்டிகை சனிக்கிழமைக்கு நகரட்டும், அது தாங்கும். மொழி தாங்காது என்பதே என் கவலை.

1998-இல் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் தொடங்கிய கலிபோர்னியாத் தமிழ்க் கழகம் முதலாக, நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகள் வரையில், சம்பளம் வாங்காத ஆசிரியர்களின் உழைப்பால் நடந்துவரும் கைங்கரியத்தை எத்தனை போற்றினாலும் தகும். தமிழில் தேர்ச்சி பெற்ற மாணவர்களின் பள்ளிச் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்கவும் இம்மாநிலங்களில் வழி பிறந்திருக்கிறது. ஆயினும் வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த வகுப்புக்கு என்றால், மிச்சமுள்ள 166 மணி நேரம் யாருடையது? வகுப்பில் வினைமுற்றும் வேற்றுமையும் பிழையின்றிச் சொன்ன குழந்தை, வாசலில் நிற்கும் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்குகிறது. அதைவிட முக்கியமானது, ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் நாமும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறோம். என் வீட்டிலும் நெடுங்காலம் இப்படியே நடந்தது. பள்ளியின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, புதன்கிழமை இரவுச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் தமிழ் பேசச் சோம்பியிருக்கும் நம்மைப் பார்த்து, குழந்தை தமிழையும் நீச்சல் வகுப்பைப் போல வாரத்தில் ஒரு நாள் போய்வரும் காரியமாக எண்ணிக்கொள்ளாமல் வேறு எப்படி எண்ணும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், பள்ளிப் பேருந்து வருமுன் கிடைத்த அரைமணிப் பொழுதில், சனிக்கிழமைக்குக் காத்திராமல், அடுப்பில் சின்ன வெண்கலப் பானையை ஏற்றினோம். தஞ்சாவூரில் அப்போது மாலை ஐந்தரை. தொலைபேசித் திரையில் என் தாயார். "பால் பொங்கிச்சாடி?" என்று அங்கிருந்து கேட்டார். ஒரு காலில் காலணியும் ஒரு கையில் குளிர்ச் சட்டையுமாக ஓடிவந்த என் ஒன்பது வயது மகள், "பொங்கிடுச்சு பாட்டி, அடுப்பெல்லாம் ஊத்திடுச்சு!" என்றாள். பேருந்து வந்து நின்ற ஓசை கேட்டது. அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.