இருதய மாத்திரையும் உழைப்பாளியின் சட்டைப்பையும்

மாரடைப்பு பணக்காரனுக்கு வரும் வியாதி என்று நினைப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். நெய்யும் கறியும் தின்று, சாய்வு நாற்காலியில் கிடக்கிறவனுக்குத்தான் நெஞ்சு அடைக்கும். மூட்டை தூக்குகிறவனுக்கும் உலைக்களத்தில் நிற்கிறவனுக்கும் அது வராது என்பது அவர்கள் எண்ணம். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் இருதய நோயாலும் ரத்தக்குழாய் நோயாலும் இறந்தவர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 98 லட்சம் பேர். இந்தச் சாவுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் நேருகின்றன. பணக்காரன் வியாதி என்றால் பணக்கார நாடுகளில் அல்லவா பிணங்கள் அதிகம் விழ வேண்டும்? ஏன் விழவில்லை?

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். 30 வயது முதல் 79 வயது வரையுள்ள இந்தியர்களில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சுமார் 18 கோடியே 83 லட்சம் பேர் என்று அதே ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவர்களில் 100 பேரை வரிசையில் நிறுத்துங்கள். தமக்கு அந்த நோய் இருப்பதை அறிந்தவர்கள் 37 பேர். மருந்து சாப்பிடுகிறவர்கள் 30 பேர். மருந்தினால் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் நிற்கிறவர்கள் 15 பேர்!

மிச்சமுள்ள 85 பேர் யார்? கார் வைத்திருக்கிறவரா? மாதந்தோறும் டாக்டரை வீட்டுக்கு அழைக்கிறவரா? பெரும்பாலும் அவர்கள் நம்மைப் போன்றவர்கள். அதனால்தான் இதைப் பற்றி இன்று பேசுகிறோம்.

மருந்து இல்லையா?

இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, பல. இறுகிப்போன ரத்தக்குழாயைத் தளர்த்த அம்லோடிபின் இருக்கிறது. குழாயை இறுக்கும் ரசாயனப் பொருள் உடலில் உண்டாவதைத் தடுக்க எனலாப்ரில், அது வேலை செய்யாமல் தடுக்க டெல்மிசார்டான் இருக்கின்றன. ஓயாமல் ஓடிக் களைக்கும் இருதயத்தை நிதானப்படுத்த அட்டெனலாலும் மெட்டோபுரலாலும், உப்பையும் நீரையும் வெளியேற்றிப் பாரத்தைக் குறைக்க நீர் மாத்திரைகளும் உண்டு. ரத்தத்தில் கொழுப்பைக் குறைப்பது அட்டர்வாஸ்டாடின். குழாய்க்குள் ரத்தம் கட்டியாக உறையாமல் காப்பவை ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும்.

இவை நேற்று முளைத்தவை அல்ல. எல்லாமே பழகிய மருந்துகள். இவற்றில் பெரும்பாலானவை இந்நாட்டுத் தொழிற்சாலைகளில், இந்நாட்டுத் தொழிலாளர் கைகளால் கோடிக்கணக்கில் தயாராகி வெளிநாடுகளுக்கும் கப்பலேறுகின்றன. செய்கிற கையின் சொந்தக்காரனுக்கு மட்டும் அது சரிவரக் கிடைப்பதில்லை. இதுதான் விந்தை; இதுதான் கொடுமை!

யார் கொடுத்த அறிவு?

"ஆராய்ச்சிக்குக் கோடி கோடியாகக் கொட்டியிருக்கிறோம், ஆகவே விலை இவ்வளவுதான் வைப்போம்" என்று மருந்துக் கம்பெனிகள் கூறும். ஆராய்ச்சிக்குப் பணம் செலவாகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவு முழுவதும் கம்பெனியின் பெட்டியிலிருந்து வந்ததா?

நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரின் கதையைக் கேளுங்கள். டைனமைட் வெடி செய்யும் பொருள் அது. 1879இல் லண்டன் டாக்டர் வில்லியம் முரல் அது நெஞ்சுவலிக்கு உதவுவதை எழுதினார். வெடித் தொழிற்சாலைத் தொழிலாளர்களோ அதைத் தம் உடம்பிலேயே அனுபவித்தார்கள். ஓய்வு நாள் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் தாங்கமுடியாத தலைவலி வரும். வாரம் முழுவதும் பழகிய பின், ஓய்வு நாளில் அந்தப் பொருள் உடலில் சேராததால் சிலருக்கு நெஞ்சுவலி வந்தது. சிலர் திடீரென இறந்தும் போயினர். அந்த மருந்தின் குணத்தையும் கேட்டையும் மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடசாலைகளில் ஒன்று தொழிலாளியின் நெஞ்சு. அவனுக்கு யாரும் உரிமைத்தொகை தரவில்லை. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இருதய நோய்க்கு அதே நைட்ரோகிளிசரினை டாக்டர்கள் எழுதிக்கொடுத்தனர் என்பது சரித்திரம்.

நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் இன்னொரு சாட்சி. ரத்தக் கொதிப்புக்கு அது பயன்படுவதை இந்திய டாக்டர்கள் 1931லேயே எழுதினர். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டனின் இருதய மருத்துவ இதழில் அதை விரிவாக எழுதிய பிறகே மேல்நாடு கண் திறந்தது. 1952இல் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி ஒன்று அந்த வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்து உலகமெங்கும் விற்றது.

பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்தவர் அந்நாட்டு விஞ்ஞானி செர்ஜியோ பெரைரா. அந்த ஆராய்ச்சி வழியேதான் அமெரிக்கக் கம்பெனியின் கேப்டோபிரில் பிறந்தது. இன்றைய எனலாப்ரிலுக்கு அதுவே மூத்தது. பூஞ்சைக் காளானிலிருந்து கொழுப்பைக் குறைக்கும் பொருளை 1973இல் கண்டவர் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ. அந்தவகை மருந்துகள் பிற்பாடு குவித்த லாபத்தில் அவருக்குப் பங்கு ஏதும் வரவில்லை.

கம்பெனி விஞ்ஞானிகளின் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பல நாட்டு மக்களின் அறிவும், நோயாளிகளின் பொறுமையும், பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியும் கலந்து உண்டான ஒன்றுக்கு ஒரே ஒரு கம்பெனி இருபது ஆண்டுக்கு வேலி போட்டுக்கொள்வது நியாயமா என்று கேட்கிறோம்.

வேலி உடைந்த கதை

அந்த வேலிக்குப் பெயர் பேடண்ட். வெள்ளையர் காலத்து 1911ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே பேடண்ட் கொடுத்தது. விடுதலைக்குப் பிறகும் அதே சட்டம் நீடித்தது. நீதிபதி ராஜகோபால அய்யங்கார் அதை ஆராய்ந்து 1959இல் அறிக்கை கொடுத்தார். இந்நாட்டில் உள்ள பேடண்டுகளில் 100க்கு 80 முதல் 90 வரை அந்நியர் கையில் உள்ளன, அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே தொழிலாக நடத்தப்படவே இல்லை என்று அவர் எடுத்துக்காட்டினார். அதே காலத்தில் அமெரிக்க செனட்டின் விசாரணைக் குழுவும், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் விலை உலகிலேயே இந்தியாவில்தான் மிக அதிகமாக இருப்பவற்றுள் அடங்கும் என்று கூறிற்று. ஏழை நாட்டில் உச்ச விலை! வேலியின் மகிமை அது.

1970இல் புதிய சட்டம் வந்தது. 1972 ஏப்ரலில் அமலாயிற்று. மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம் என்றாயிற்று. நம் ரசாயன நிபுணர்கள் செய்தும் காட்டினர். பலன் என்ன? அட்டர்வாஸ்டாடினை வேறு கம்பெனிகள் செய்து விற்பதற்கு அமெரிக்க நோயாளி 2011 நவம்பர் வரை காத்திருந்தார். இந்திய நோயாளிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது கிடைத்தது. இன்று நம் கையில் இருக்கும் மலிவான மாத்திரை வானத்திலிருந்து விழவில்லை. ஒரு சட்டத்தின் குழந்தை அது.

பின்னர் உலக வர்த்தக ஸ்தாபன ஒப்பந்தம் வந்தது. 2005 ஜனவரி முதல் மருந்துப் பொருளுக்கு மீண்டும் வேலி. விளைவையும் கண்டோம். இருதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் சாகுபிட்ரில் - வல்சார்டான் கூட்டு மருந்து பேடண்ட் காவலில் இருந்தவரை ஏழைக்கு எட்டவில்லை. 2023 ஜனவரியில் அதன் முக்கியப் பேடண்ட் முடிந்தது. உடனே பல இந்தியக் கம்பெனிகள் அதைக் கொண்டுவந்தன. விலை வெகுவாகச் சரிந்தது. மருந்து மாறவில்லை. வேலி போயிற்று, விலையும் போயிற்று. இதைவிடச் சாட்சி வேண்டுமா?

விலைக் கட்டுப்பாடு என்னும் கயிறு

"பேடண்ட் போன பழைய மருந்துக்குத்தான் கட்டுப்பாடு இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கயிறு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். முன்பு தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு உச்ச விலை குறித்தார்கள். 2013 உத்தரவு அதை மாற்றிவிட்டது. சந்தையில் விற்கும் விலைகளின் சராசரியே உச்ச விலை என்றாயிற்று. வியாபாரி வைத்த விலையைக் கொண்டே வியாபாரியைக் கட்டுவதாம்!

2014 ஜூலையில் மருந்து விலை ஆணையம், பட்டியலில் இல்லாத இருதய நோய், சர்க்கரை நோய் மருந்துகள் 108க்கு விலை வரம்பு விதித்தது. கம்பெனிகள் கூச்சலிட்டன. அவ்வாண்டு செப்டம்பரிலேயே, அந்த நடவடிக்கைக்கு ஆதாரமான வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு வாபஸ் வாங்க வைத்தது. குறைத்த விலை நின்றது. மேலும் குறைக்க நீண்ட கை கட்டப்பட்டது.

பட்டியல் மருந்துகளுக்கோ மொத்த விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் விலை ஏற்றலாம் என்பது விதி. 2022இல் 10.76 சதவீதம், 2023இல் 12.12 சதவீதம் ஏற அனுமதி கிடைத்தது. கேட்கிறோம், அந்த ஆண்டுகளில் எந்த ஆலையில், எந்தத் தொழிலாளிக்கு, கேட்காமலே 12 சதவீதக் கூலி உயர்வு வந்தது?

மனமிருந்தால் செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2017 பிப்ரவரியில் இருதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை விதித்தார்கள். மருந்து பூசியதற்கு ரூ. 29,600, பூசாததற்கு ரூ. 7,260. அதற்கு முன் மருந்து பூசியது லட்சத்துக்கு மேலும் விலைபோயிற்று. கம்பெனிகள் நாட்டை விட்டே ஓடிவிடுமென்று பயமுறுத்தியவர்கள் இன்று எங்கே? 2025 செப்டம்பரில் பெரும்பாலான மருந்துகள் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரவேற்கிறோம். ஆனால் வரி குறைப்பது ஒன்று, விலையையே கட்டுவது வேறொன்று.

வாசலுக்கு வரவேண்டிய மருந்து

விலை குறைந்தால் மட்டும் போதுமா? போதாது. அரைநாள் கூலியை இழந்து வரிசையில் நின்றால்தான் இலவச மாத்திரை என்றால் அது இலவசமல்ல. கூலி கொடுத்து வாங்கியதுதான்.

தமிழ்நாட்டில் 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைந்தது. கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் பெயரைச் சொல்லி மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முறை அது. 2011இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கிய ராஜஸ்தான் இதையே முன்மாதிரியாகக் கொண்டது. 2021 ஆகஸ்டில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ஏற்பாடு வந்தது. 2023இல், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு முதலுதவியாக 14 மாத்திரைகள் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்பும் திட்டம் தொடங்கிற்று: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டர்வாஸ்டாடின் 8. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிரைப் பிடித்து நிறுத்த உதவுவது இந்த 14 மாத்திரைகள்தான். 2024இல் தொழிலகங்களுக்கே சென்று சோதிக்கும் ஏற்பாடும் வந்தது.

நல்லவை இவை. ஆனால் நல்ல ஏற்பாடு கேட்பவன் இருக்குமிடத்தில்தான் உயிரோடு இருக்கும். ஆகவே நம் சங்கங்கள் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு ஆலை வாசலிலும் மாதம் ஒருமுறை ரத்தக் கொதிப்புப் பார்க்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் பார்க்க வேண்டும். மருந்து வாங்கப் போகும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்ற பதில் ஒழிய வேண்டும். டாக்டர் சீட்டில் மருந்தின் பெயர் இருக்க வேண்டும், கம்பெனியின் பெயர் அல்ல. இதை விதியாக்கி 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டது. அதே மாதம் 23ஆம் தேதியே நிறுத்திவைத்தது. மூன்று வாரம் தாண்டி உயிர் வாழாத விதி!

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைசுற்றல் நின்றது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிடுகிறோம். ரத்தக் கொதிப்பு சத்தம் போடாத எதிரி. வலி இல்லை என்பதால் அது போய்விட்டதாக அர்த்தமில்லை. அட்டெனலால் போன்ற மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கி விழுங்குவதும், கேட்காமல் தினம் ஆஸ்பிரின் போடுவதும் அதே அளவு தவறு. டாக்டரைக் கேட்டு, நாள் தவறாமல் சாப்பிடுவதே வழி.

100க்கு 15 என்பது விதி எழுதிய கணக்கல்ல, மனிதர் எழுதியது. சட்டம் ஒன்றை மாற்றி மருந்தின் விலையை இறக்கிய நாடு இது. அந்த மருந்தை ஆலை வாசல் வரை கொண்டுவருவது அதைவிடக் கடினமான காரியமா? அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கூலிக்கும் போனசுக்கும் பக்கத்தில் இந்த மாத்திரையையும் எழுதுங்கள்.