இரவில் பறப்பவன் பகலில் எங்கே தூங்குவான்?

பார்த்தசாரதி கோயில் குளத்திலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு விமானி இருக்கிறான். வயது முப்பத்து மூன்று. ஏர்பஸ் 320-இல் கோ-பைலட். தோளில் மூன்று பட்டை. நான்காவது பட்டைக்காக, அதாவது கேப்டன் ஆவதற்காகக் காத்திருக்கிறான். போன மாதம் சரக்கு விமான நிறுவனம் ஒன்றிலிருந்து அவனுக்கு வேலைக்கு அழைப்பு வந்தது. அன்றிலிருந்து அவன் அப்பாவுக்கு மனசு சரியில்லை. ஒருநாள் காலை வாசலில் என்னை நிறுத்தி, "ஜனங்களை ஏத்திண்டு போனவன் இனிமே மூட்டையை ஏத்திண்டு போறேங்கறான். நீங்க இந்த விஷயமெல்லாம் எழுதறவர், சித்த அவன்கிட்ட பேசுங்கோ" என்றார்.

பேசினேன். அப்பாவின் கவலை தவறான இடத்தில் இருக்கிறது என்பது முதல் பத்து நிமிடத்திலேயே புரிந்தது. கவலைப்பட வேண்டிய இடங்கள் உண்டு, ஆனால் அவை வேறு. அப்பாவைப் போலவே யோசிக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய இருப்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மதிப்பு பற்றி. இந்திய விமானப் போக்குவரத்து மூட்டையில்தான் பிறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து புஸ் மாத் என்ற சின்ன விமானத்தில் கிளம்பி, ஆமதாபாத் வழியாக பம்பாய் வந்தார். அங்கிருந்து இன்னொரு விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். அவர்கள் கொண்டுவந்தது தபால் பை. பயணி என்று ஒருவரும் கிடையாது. பிற்பாடு ஏர் இந்தியா ஆனது அந்தச் சேவைதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது இன்னும் அழகு. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை என நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பி நாகபுரியில் சந்திக்கும். அங்கே பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குத் திரும்பும். விடியும்போது டில்லிக் கடிதம் சென்னையில் இருக்கும். அமெரிக்காவின் ஃபெட்எக்ஸ் நிறுவனம் மெம்ஃபிஸ் நகரத்தை நடுவில் வைத்து இதே முறையில் பறக்கத் தொடங்கியது 1973-இல். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்பே நம் விமானிகள் நடுராத்திரி நாகபுரியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை மூட்டை தூக்கிகள் என்று யாரும் சொன்னதில்லை.

இன்றைக்கும் சட்டத்தின் கண்ணில் பயணிகள் விமானியும் சரக்கு விமானியும் ஒன்றுதான். கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல். உரிமம் இருவருக்கும் ஒரே உரிமம். அதற்குக் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒரே மருத்துவப் பரிசோதனை, சிமுலேட்டரில் ஒரே தேர்வு. பல சரக்கு விமானங்கள் ஒரு காலத்தில் பயணிகளைச் சுமந்தவையே. இருக்கைகளைக் கழற்றி, முன்பக்கம் இடப்புறத்தில் பெரிய கதவு வெட்டி, தரையைப் பலப்படுத்தி, ஜன்னல்களை அடைத்துவிடுகிறார்கள். இண்டிகோ 2022-இல் சரக்குக்கு இறக்கிய ஏர்பஸ் 321 அப்படி மாற்றப்பட்டதுதான்.

சென்னைக்கு இந்தத் தொழில் அந்நியமும் இல்லை. 1996-இல் பறக்கத் தொடங்கிய ப்ளூ டார்ட் ஏவியேஷனின் தலைமையகம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. 2025-இல் அமெரிக்க வரி உயர்வுக்கு முன்னால் சுமார் 600 டன் ஐஃபோன்கள் இந்தியாவிலிருந்து சரக்கு விமானங்களில் அமெரிக்காவுக்குப் போயின என்று ராய்ட்டர்ஸ் எழுதியது; அவை புறப்பட்ட இடம் நம் சென்னை விமான நிலையம். ஸ்ரீபெரும்புதூரில் போன் செய்யும் பெண்ணுக்கும் அதை எடுத்துப் பறக்கும் விமானிக்கும் வேலையில் கௌரவக் குறைவு எங்கிருந்து வந்தது?

ஆகவே அந்தக் கேள்வியை ஒதுக்கிவைப்போம். உண்மையான கேள்வி இரவு.

தி.நகரில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூரியர் கடையில் கொடுக்கிற பார்சல் மறுநாள் காலை டில்லியில் கிடைக்க வேண்டும் என்றால், அதை ஏழெட்டு மணிக்குள் திரட்டி, பிரித்து, இரவில் ஏற்றி, விடிவதற்குள் இறக்கியாக வேண்டும். வாடிக்கையாளர் தூங்கும் நேரம்தான் அந்தத் தொழிலின் வேலை நேரம். பயணிகள் விமானத்திலும் இரவுப் பணி உண்டு. ஆனால் அது மாறி மாறி வரும். இங்கே அதுவே வாழ்க்கை முறை. மனித உடம்பு மிகவும் சோர்ந்துபோகும் நேரம் அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை என்று விமான மருத்துவம் கணக்கு வைத்திருக்கிறது. சரக்கு விமானி பெரும்பாலும் தரையிறங்குவது அந்த நேரத்தில்.

2013 ஆகஸ்ட் 14 விடியற்காலை, அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் யு.பி.எஸ். நிறுவனத்தின் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி இரண்டு விமானிகளும் இறந்துபோனார்கள். விசாரணை சொன்ன காரணங்களில் சோர்வும் ஒன்று. துணை விமானி ஓய்வு நேரத்தைத் தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அறிக்கை குறித்தது. என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். அன்றைய குரல்பதிவில் அந்த இருவரும், பயணிகள் விமானிகளுக்கு வரப்போகிற புதிய ஓய்வு விதிகள் தங்களைப் போன்ற சரக்கு விமானிகளுக்குக் கிடையாதே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த விதிகள் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன, சரக்கு விமானிகளை வெளியே நிறுத்திவிட்டு. பின்னால் உட்கார்ந்திருப்பது மனிதனா பெட்டியா என்று பார்த்து விமானியின் உடம்பு சோர்வதில்லை. அந்த விதிவிலக்கு அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நம் நாட்டில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அறிவித்த புதிய பணிநேர விதிகள் 2025 ஜூலை, நவம்பர் என இரண்டு கட்டமாக வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது. இரவு என்பது நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை என்று நீண்டது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கில் விமானங்களை ரத்து செய்ததும், இயக்குநரகம் சில விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்திக் கொடுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். காகிதத்தில் உள்ள ஓய்வு, நெருக்கடி வந்தால் சுருங்கும் என்பதை அப்போது எல்லோரும் பார்த்தோம். அதனால் சரக்கு நிறுவனத்தில் சேரப்போகிறவர் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்த விதிகள் உங்களிடம் எந்த வடிவில் இருக்கின்றன, விலக்கு ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா, தொடர்ச்சியாக எத்தனை இரவு ரோஸ்டர் போடுவீர்கள்?

கேள்வியின் மறுபாதி வீட்டில் இருக்கிறது. பையன் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனான். தெருப்பக்க ஜன்னலில் கறுப்புத் துணியை ஆணியடித்து மாட்டியிருந்தான். லீவு எடுத்துக்கொண்டு பத்து நாள், காலை ஏழு மணிக்குப் படுத்துப் பார்த்திருக்கிறான். சின்ன நோட்டுப் புத்தகத்தில் கணக்கும் எழுதியிருந்தான். 'செவ்வாய்: 3 மணி 20 நிமிஷம், தண்ணி லாரி.' 'புதன்: 4 மணி, காஸ் சிலிண்டர்.' 'வெள்ளி: 2 மணி 45, புறப்பாடு, மேளம்.' பத்து நாளில் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியது இரண்டே நாள். அப்பா அந்த நோட்டைப் பார்த்ததில்லை. நான் பார்த்த வரையில், இந்த முடிவுக்காக யாரும் தயாரித்ததிலேயே நேர்மையான ஆவணம் அது.

திருவல்லிக்கேணி பகலில் தூங்குகிற ஊர் இல்லை. பெரிய தெருவும் பாரதி சாலையும் அப்படித்தான், இனியும் அப்படித்தான் இருக்கும். சுவர் இடித்துக்கொள்ளும் வீடுகளில் ஒரு வீட்டு மிக்ஸி மூன்று வீட்டுக்குக் கேட்கும். இரவு வேலை நிரந்தரமானால் அவன் பின்கட்டு அறைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் வேறு பேட்டைக்கே போக வேண்டும். அந்த வாடகையைச் சம்பளக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது சீனியாரிட்டி. விமானியின் பிழைப்பை நிர்ணயிப்பது பெரும்பாலும் சேர்ந்த தேதியை வைத்துப் போடும் ஒரு எண். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன் என்பதெல்லாம் அந்த வரிசையைப் பார்த்துத்தான். நிறுவனம் மாறினால் ஏறிவந்த வரிசையை விட்டு இறங்கி, இன்னொரு வரிசையின் வாலில் நிற்க வேண்டும். நம் நாட்டில் பயணிகள் விமானங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. சரக்கு மட்டும் ஏற்றும் ஜெட் விமானங்கள் மிகச் சில. விமானம் குறைவென்றால் கேப்டன் இடமும் குறைவு. அங்கே கடைசியாக நான்காவது பட்டை வாங்கியவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

விமான வகையும் கணக்கில் வரும். ஏர்பஸ் 320 ஓட்டுபவர் அதே குடும்பத்து 321 சரக்கு விமானத்துக்குப் போனால் புது டைப் ரேட்டிங், அதாவது அந்த வகையை ஓட்டத் தனித் தகுதி, வேண்டாம். போயிங் 737, 757 என்றால் முழுப் பயிற்சி. அதற்குப் பல லட்சம் செலவு, நிறுவனம் செலவழித்தால், இத்தனை வருஷம் விலகக் கூடாது என்று பாண்டு. 757 தயாரிப்பு 2004-லேயே நின்றுவிட்டது. அந்த வகையை இனிமேல் கற்றுக்கொள்கிற இளைஞர், வேறு இடத்தில் அதற்கு எவ்வளவு நாள் கிராக்கி இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

விலகுவதும் சுலபமில்லை. 2017-இல் வந்த விதிப்படி கேப்டன் ஓராண்டு, கோ-பைலட் ஆறு மாதம் நோட்டீஸ் தர வேண்டும். 2023-இல் நோட்டீஸ் காலம் முடியாமல் 43 விமானிகள் போனதாகச் சொல்லி ஆகாசா ஏர் நீதிமன்றம் போனது. வேறு எந்தத் தொழிலிலும் ஊழியரை இப்படி ஓராண்டு கட்டிப்போடுவதில்லை என்ற விமானிகளின் ஆதங்கம் நியாயமானது. ஆனாலும் விதி விதிதான்; நிறுவனம் ஆட்சேபமில்லை என்று என்.ஓ.சி. கொடுத்தாலொழிய காலம் குறையாது.

சரக்கு என்றால் வேலை போகாது என்று ஒரு நம்பிக்கை 2020-க்குப் பிறகு பரவியிருக்கிறது. அதில் உண்மை உண்டு. அந்த ஆண்டு மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானங்கள் தரையில் நின்றபோது, மருந்தும் கருவிகளும் ஏற்றிய விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. கிங்ஃபிஷர், ஜெட் ஏர்வேஸ், கோ ஃபர்ஸ்ட் என்று பயணிகள் நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடியதையும் விமானிகள் மறக்கவில்லை. ஆனால் கேப்டன் கோபிநாத் 2009-இல் தொடங்கிய சரக்கு விமான நிறுவனமான டெக்கான் 360 நிலைக்கவில்லை. சென்னையிலிருந்து பறந்த கிரசென்ட் ஏர் கார்கோவும் இன்று இல்லை. சரக்கு நிற்காது, அதைச் சுமக்கும் நிறுவனம் நின்றுபோகலாம்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் லித்தியம் பேட்டரி ஏற்றிய யு.பி.எஸ். விமானத்தில் தீப்பிடித்து இரு விமானிகளும் இறந்தார்கள். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் கட்டிவைத்த ராணுவ வண்டி நழுவி, கிளம்பிய விமானம் அப்படியே விழுந்தது. ஏழு பேர் போனார்கள். சரக்கை எப்படி அடுக்கினார்கள், எதை ஏற்றினார்கள் என்பதும் விமானியின் உயிர்ப் பிரச்சினை.

பையன் என்னிடம், "நீங்க என்ன சொல்றேள் மாமா?" என்று கேட்டான். சொன்னேன். இப்போது போகாதே. உன் எண்ணுக்குக் கேப்டன் பதவி இன்னும் இரண்டு வருஷத்தில் வரும் என்கிறாய், அதை வாங்கிக்கொள். கேப்டனாகச் சில ஆயிரம் மணி நேரம் பறந்த பிறகு, அப்போதும் உனக்கு விருப்பம் இருந்தால் போ. அன்றைக்கு நீ வரிசையின் வாலில் நின்றாலும் நான்காவது பட்டை உன் தோளில் இருக்கும். பகல் தூக்கம் கைவராவிட்டால் அப்போதும் போகாதே. கேட்டுக்கொண்டான். முடிவு அவனுடையது, அவன் இன்னும் பதில் எழுதவில்லை.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் தெருக்களில் விமானிகள் மட்டுமல்ல, நர்சுகள், துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், மேன்ஷன்களில் தங்கிக் கால் சென்டருக்குப் போகிற பிள்ளைகள் என்று பகலில் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். காலை பதினோரு மணிக்கு ஒரு வீட்டுக் கதவு சாத்தியிருந்து, ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கினால், தயவுசெய்து மணியை அடிக்காதீர்கள். சாயங்காலம் வாருங்கள்.