முத்திரையில்லா மின்கலம்

பழந்துணியை வெளுத்து மடித்துப் புதுத்துணியென்று விற்பவனை உலகம் பழிக்கின்றது. தேய்ந்த மின்கலத்தைப் புதுக் கண்ணாடியின் கீழ் வைத்து விற்பவனைப் பழிப்பாரைக் காணோம். இஃது ஏன் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம்.

புதுப்பித்த கைப்பேசியை நாம் இகழ்வதாக எவரும் கருதற்க. புதியதன் விலை எட்டாத மாணவர்க்கு அது பேருபகாரம். நாமும் சென்ற ஆண்டு நகரத்துக் கடையொன்றில் அத்தகைய கைப்பேசியொன்றை வாங்கினோம். கண்ணாடி பளபளத்தது; மேலுறையும் புதிதாயிருந்தது. ஆயினும், காலையில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றிச் சென்றால், நண்பகல் உணவுக்கு மணியடிக்குமுன் அது கண்மூடிவிடும். விடுதி நண்பர்கள் நகைத்தனர். நாமும் உடன் நகைத்தோம்.

அந்நகைப்பு கடப்பாக்கத்தில் அடங்கிற்று. கோடை விடுமுறையில் வகுப்புத் தோழர் ஒருவரின் இல்லத்திற்கு அங்குச் சென்றிருந்தோம். அவர் தமையனார் பைபர் படகில் மீன்பிடிக்கச் செல்பவர்; அவரிடம் இருந்ததும் புதுப்பித்த கைப்பேசியே. ஒருநாள் விடியுமுன் சென்ற படகு, திரும்பவேண்டிய வேளையில் திரும்பவில்லை. எஞ்சின் பழுதுற்று நடுக்கடலில் நின்றுவிட்டது. கரைக்குச் செய்தி சொல்லலாமென்று கைப்பேசியை எடுத்தால், நாற்பது விழுக்காடு என்று காட்டிய கருவி மறுகணமே அணைந்துபோயிற்று. வேறொரு படகினர் கண்டு, கயிறு கட்டி இழுத்துவந்து சேர்க்கப் பிற்பகலாயிற்று. அதுவரை அவருடைய அன்னையார் மணலில் நின்ற நிலையை நாம் கண்ணாரக் கண்டோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளின் ஆழிப்பேரலையைக் கண்ட கரை அது. அங்கே ஒருவர் கடலை நோக்கிக் காத்து நிற்பது எளிய காரியமன்று.

கருவி அவ்வாறு அணைந்ததன் காரணம் அறியத்தக்கது. லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கிய அறிஞர் மூவர்க்கு 2019-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எத்துணைச் சிறப்புடையதாயினும் அது தேயும் பொருளே. ஏற்றி இறக்குந்தோறும் உள்ளிருக்கும் லித்தியத்தில் ஒரு சிறு பங்கு படலமாய்ப் படிந்து பயனற்றுப்போகின்றது. வெப்பம் அத்தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றது. கொள்ளளவு குறைவதோடு உள்ளே மின்தடையும் மிகுகின்றது. ஆதலால், கருவிக்கு மிகுந்த மின்சாரம் வேண்டப்படும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து, எஞ்சியிருப்பதாகக் காட்டிய சார்ஜும் உதவாது போகின்றது. கரையினின்று விலக விலகச் சிக்னல் குன்றும்; கோபுரத்தைத் தேடுவதிலேயே கருவி தன் ஆற்றலைச் செலவிடும். வகுப்பறையில் நகைப்புக்குரிய குறை கடலில் ஆபத்தாவது இவ்வாறே.

கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயரால் பிடித்து அழிக்கப்பட்ட அவ்விடத்தே முன்னாளில் நாணயச்சாலை ஒன்று இருந்தது. நாணயத்திற்கு முத்திரை எற்றுக்கு? பெறுவோர் ஒவ்வொருவரும் பொன்னை உரைத்துப் பார்த்தல் இயலாது. ஆகவே, உள்ளீடு இன்னதென்று அடித்தவர் பிணைநிற்கும் அடையாளமாக அது அமைந்தது. கைப்பேசியின் மின்கலமும் வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படாததே. அதற்குப் பிணைநிற்பார் யாவர்?

நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழையனவும் புதுக்கப்பெற்றனவுமான பொருள்களைப் புதியனவென்று பொய்யாகக் காட்டுதலை முறையற்ற வணிகம் என்கின்றது. பொருளின் தரத்தை அறியும் உரிமையையும் வாங்குவோர்க்கு நல்குகின்றது. ஐரோப்பிய ஒன்றியமோ, 2025 ஜூன் 20 முதல் தன் சந்தைக்கு வரும் புதுக் கைப்பேசிகளின் மின்கலங்கள், 800 முறை ஏற்றி இறக்கிய பின்னரும் நூற்றுக்கு எண்பது பங்கு கொள்ளளவேனும் உடையனவாதல் வேண்டுமென்று விதித்துள்ளது. புதியதற்கு இவ்வாறு அளவு வரையறுக்கலாமெனின், புதுப்பித்ததற்கு எஞ்சிய அளவைச் சொல்லுதல் அரிதாமோ?

'குறைந்த விலைக்கு இதுவே கிடைக்கும்' என்று வணிகர் கூறலாம். குறைந்த விலை பொருளின் பழமைக்கு ஈடாகும். அப்பழமையை மறைத்தற்கு ஈடாகாது. தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்த்தலாகாது என்பர். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்த்தற்குத் தடை யாது?

ஆகவே, புதுப்பித்த கைப்பேசியை விற்போர், மின்கலத்தின் எஞ்சிய கொள்ளளவையும், அது மாற்றப்பட்டதா என்பதையும் பில்லிலேயே எழுதித் தருதல் வேண்டும். எண்பது விழுக்காட்டிற்குக் குறைந்ததை மாற்றித் தருதலே நேர்மை. வாங்குவோரும் கேளாது பணம் நீட்டற்க. ஐபோனில் 2018 முதல் அவ்வளவை அமைப்புகளிலேயே காணலாம். மற்றவற்றிற்குக் கடைக்காரரையே சோதித்துக் காட்டச் சொல்லுக. முன்னமே வாங்கினோர் கைப்பேசியை எறியாது மின்கலத்தை மட்டும் மாற்றுக. பெயரும் தரக்குறியும் இல்லாத மலிவானவற்றை நாடற்க. உப்பிய மின்கலத்தை ஒருநாளும் பயன்படுத்தலாகாது. வெயிலில் வைத்தலையும், தலையணையின் கீழ் வைத்துச் சார்ஜ் ஏற்றுதலையும் ஒழிக்க. கழித்ததை உப்பங்கழியில் வீசாது, சேகரிக்கும் இடத்திற் சேர்ப்பிக்க. அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன. கடலுக்குச் செல்வோர் கைப்பேசி ஒன்றையே நம்பிச் செல்லற்க.

தோழரின் தமையனார் தம் கைப்பேசிக்குப் புது மின்கலம் பொருத்திக்கொண்டார். நாமும் அவ்வாறே செய்தோம். இரண்டும் இப்பொழுது மாலைவரை உழைக்கின்றன. ஆன செலவு, வேறு கைப்பேசி வாங்குவதை நோக்கச் சிறிதே. எனினும், விற்ற அன்றே விற்றவர் செய்திருக்க வேண்டிய காரியம் அது. அந்த அன்னையார் மணலில் நின்ற பின்னர் நாம் செய்யத்தக்கதன்று. நம் கலாசாலையின் பழைய மாணவருள் வணிகரும் வழக்கறிஞரும் பலர் உளர். பில்லில் ஒரு வரி கூட்டியெழுதும் இவ்வழக்கத்தை அவர்கள் தம் ஊரில் தொடங்கி வைப்பார்களாக.