வாங்கு போட்டால் போதுமா?

"உட்படுத்தல் கல்வி" என்ற சொல் எமது ஆசிரியர் பயிற்சிக் கூடங்களில் இப்போது சரளமாகப் புழங்குகிறது. 1994 இல் ஸ்பெயினில் 92 அரசுகளின் பிரதிநிதிகள் கூடி ஏற்றுக்கொண்ட சலமன்கா பிரகடனத்தை ஒப்படைக்காக நானும் மனனமிட்டேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்ததை எழுதிப் புள்ளியும் வாங்கினேன். கற்பித்தற் பயிற்சிக்குப் போன வகுப்பறைகளில் கண்டது வேறு. பிள்ளையின் பெயரை இடாப்பில் பதிந்து, பின்வாங்கில் இருத்திவிட்டால் உட்படுத்தல் முடிந்துவிட்டதாம்.

சொல்வதெழுதுதலையே எடுத்துக்கொள்ளுங்கள். காது மந்தமான பிள்ளை ஆசிரியரின் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடிக்கிறது. 'பாலை', 'மாலை' இரண்டையும் கண்ணாடி முன் நின்று குரலெழுப்பாமல் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரே மாதிரித்தான் மூடித் திறக்கும். லகர, ளகர, ழகரங்களோ வாய்க்குள்ளே நடக்கும் வேலை. இந்த இலட்சணத்தில் நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பாடம் சொல்கிறோம். பிறகு 10க்கு 3 என்று சிவப்பு மையால் போட்டு, 'மெல்லக் கற்பவர்' என்ற பட்டத்தையும் சூட்டுகிறோம். இங்கே மெல்லக் கற்பவர் யார்?

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்றுக்காக என்ன செய்வது?" என்று மூத்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களின் சுமை பொய்யல்ல. ஆனால் வகுப்பைப் பார்த்துப் பேசவும், சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லவும், கண்பார்வை குறைந்தவனை முன்வாங்குக்கு மாற்றவும் எந்தச் சுற்றறிக்கை வரவேண்டும்?

பெரிய தடை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்க வந்த அந்தப் பரீட்சை, இன்று பாடசாலைகளின் மானப் பிரச்சினையாகிவிட்டது. நான் பயிற்சி பெற்ற ஒரு பாடசாலையில், "சோதினையண்டைக்கு மகன அனுப்பாட்டியும் பரவாயில்ல, தங்கச்சி" என்று ஒரு தாயிடம் சொல்லப்பட்டதை என் காதால் கேட்டேன். சராசரி விழுந்துவிடுமாம்! அந்தத் தாய் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை; முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனார். பெறுபேறு வந்ததும் வாயிலில் பதாகை கட்டினார்கள்.

எமது எழுத்தாளர்களில் பலர் ஆசிரியர்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். நான் வாசித்த எம்மவர் சிறுகதைகளில் வாய்பேசாத பிள்ளை பெரும்பாலும் வாசகரை அழவைக்கவே வருகிறது. அதற்குக் கணக்குப் பிடிக்குமா, யாரோடு சண்டை போடும் என்றெல்லாம் கதாசிரியருக்கு அக்கறையில்லை. கதையிலும் அதற்குப் பின்வாங்குதான்.

அனுதாபக் கதைகள் ஒருபுறமிருக்கட்டும். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில், பரீட்சையன்று வராத பிள்ளைகள் யார் யார், வரவேண்டாமென்று சொன்னது யார் என்று எழுந்து கேளுங்கள். முதற் கேள்விக்கான பதில் வரவு இடாப்பிலேயே இருக்கிறது.