மற்றக் காலுக்கும் ஒரு செருப்பு

நமது ஊர்களில் கால் எலும்பு முறிந்தவர்களையும், பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்களையும் இப்போது ஒரு புதிய கோலத்தில் காண்கிறோம். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் நுனி வரை காலைக் கவ்விப்பிடிக்கும் கறுப்பு நிறப் பூட்ஸ் ஒரு காலில். மற்றக் காலில் தேய்ந்துபோன ஒரு பாட்டாச் செருப்பு. முன்னர் பிளாஸ்டர் கட்டோடு வீட்டில் கிடந்தவர்கள் இன்று இந்தப் பூட்ஸைப் பூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கும் ஜும்ஆவுக்கும் வருகிறார்கள். வெளிநாட்டில் தொழில் புரியும் பிள்ளைகள் சிலர் வாங்கி அனுப்புகிறார்கள். கொழும்பில் வாங்கி வருவோரும் உளர். இது நல்ல முன்னேற்றமே. ஆனால், இந்த முன்னேற்றத்தில் பாதி மாத்திரமே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே எனது ஆதங்கம்.

விடயம் மிக எளியது. மருத்துவப் பூட்ஸின் அடி தடிப்பானது. கணுக்கால் அசையாமலேயே பாதம் உருண்டு முன்னகர வேண்டும் என்பதற்காக, தொட்டிலின் அடியைப் போல வளைத்து அதனைச் செய்திருக்கிறார்கள். ஆகவே அதனை அணிந்த கால் மற்றக் காலைவிட இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் உயர்ந்துவிடுகிறது. ஒரு கால் நீண்டவராக நடக்கும் மனிதரின் இடுப்பு சரிகிறது. சரிந்த இடுப்பைச் சமன்செய்ய முதுகெலும்பு வளைகிறது. உயர்ந்த காலைத் தரையில் தட்டாமல் முன்னே கொண்டுவர, நல்ல காலின் முன்பாதத்தில் எம்பி எம்பி நடக்க நேர்கிறது. இரண்டு வாரம் இப்படி நடந்தால் நாரி உளையத் தொடங்கும். பின்னர் நல்ல காலின் இடுப்புப் பொருத்தும் முழங்காலும் நோகும். வயது சென்றவராயின் விழுந்துவிடவும் கூடும்.

இதற்கான பரிகாரம், நல்ல காலின் செருப்பையும் அதே அளவுக்கு உயர்த்திவிடுவது. மேலை நாடுகளில் இதற்கெனச் சப்பாத்தின் அடியில் பட்டி போட்டு மாட்டும் றப்பர் அடிகள் விற்பனைக்கு உண்டு. நமது சந்தையில் அவற்றை நான் கண்டதில்லை. அது பெரிய குறையுமல்ல. ஏனென்றால் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரும் ஒரு துண்டு றப்பரும் போதும்.

சில வருடங்களுக்கு முன்னர் எனது இடது பாதத்தின் வெளிப்புற எலும்பில் வெடிப்பு ஏற்பட்டு ஆறு வாரங்கள் இந்தப் பூட்ஸை அணிந்திருந்தேன். அதனைத் தந்த இடத்தில் பட்டிகளை எப்படி இறுக்குவது, எப்போது கழற்றுவது, எப்படிக் கழுவுவது என்றெல்லாம் சொன்னார்கள். மற்றக் காலைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது வாரத்தில் முறிவு நோகவில்லை. வலது இடுப்புத்தான் நொந்தது. அறிமுகமான இயன்மருத்துவர் ஒருவரிடம் தொலைபேசியில் முறையிட்டபோது, அவர் கேட்ட முதற்கேள்வி, "வலது காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்பதுதான். மறுநாள் சந்தைப் பக்கம் செருப்புத் தைப்பவரிடம் எனது வலது செருப்பைக் கொடுத்தேன். பழைய செருப்பொன்றின் அடியை வெட்டி, இரண்டு மடிப்பாக ஒட்டி, ஓரத்தைத் தைத்துத் தந்தார். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட ஆகவில்லை. நாலைந்து நாட்களில் இடுப்பு நோவு குறைந்தது.

எனது கதை அவ்வளவுதான். முறிவு பொருந்தியதும் அது முடிந்துபோயிற்று. நான் எழுத விரும்புவது, ஆறு வாரத்தில் முடியாத கதைகளைப் பற்றி.

நீரிழிவு நோய் நமது கரையோர ஊர்களில் வீட்டுக்கு வீடு குடிவந்துவிட்டது. 2005 - 2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. அதன் பின்னர் நிலைமை மோசமாகியிருக்கிறதே தவிர, சீராகவில்லை. நீண்டகால நீரிழிவு பாதத்தின் உணர்ச்சி நரம்புகளைக் கெடுக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாது. உணர்வற்ற பாதத்தில் தோன்றும் புண், அதே இடத்தில் உடற்பாரம் திரும்பத் திரும்ப அழுத்துவதால் ஆறுவதில்லை. மருந்தை மாற்றி மாற்றிக் கட்டினாலும், அந்தப் பாரத்தை அகற்றாதவரை புண் ஆழமாகிக்கொண்டே போகும். மருத்துவப் பூட்ஸ் செய்வது அந்தப் பாரத்தைப் பாதம் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்துவிடுவதையே.

இந்தச் சிகிச்சையின் வேர் நமது மண்ணிலேயே இருக்கிறது என்பது பலருக்கும் தெரியாது. உணர்விழந்த பாதத்தின் புண்ணை, காலோடு ஒட்டிய பிளாஸ்டர் கட்டினுள் வைத்து, நோயாளியை நடக்கவிட்டே ஆற்றும் முறையை 1930களில் இலங்கையில் கையாண்டவர், சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல். இந்தியாவில் ஜோசப் கான் அதனைத் தொழுநோயாளர்களுக்குப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டின் கொல்லிமலையில் 1914 இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளர்களின் கை கால்களைச் சீர்செய்வதில் புகழ்பெற்ற வைத்தியர் போல் பிராண்ட், 1966 இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குச் சென்றார். அங்கே இம்முறை நீரிழிவுப் பாதங்களுக்கும் விரிந்தது. இன்று பெட்டியில் அடைத்து இறக்குமதியாகும் பூட்ஸ் அந்தப் பிளாஸ்டர் கட்டின் வாரிசுதான். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் தொழுநோயாளர்களைத் தனித்து வைத்திருந்த வரலாற்றை அறிந்த நமக்கு, இந்தச் செய்தி அந்நியமானதாக இருக்க முடியாது.

பிளாஸ்டர் கட்டுக்கும் பூட்ஸுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முன்னதை நோயாளி கழற்ற முடியாது, பின்னதைக் கழற்றலாம். கழற்றியும் விடுகிறார்கள். அமெரிக்காவில் வைத்தியர் டேவிட் ஆம்ஸ்ட்ரோங் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாதப்புண் உள்ள 20 நீரிழிவு நோயாளர்களுக்கும் அவர்களது பூட்ஸுக்கும் நடையை எண்ணும் கருவிகள் பொருத்தப்பட்டன. ஒரு நாளில் அவர்கள் நடந்த நடையில் 28 வீதமே பூட்ஸ் அணிந்து நடந்ததாகும். எஞ்சிய நடை முழுவதும் புண்ணின் மேலேயே நடந்த நடை.

எனது அயலில் வாழும் மூதாட்டி ஒருவரின் நிலையும் அதுவே. பெருவிரலின் அடியில் புண். கட்டாரில் உள்ள மகன் நல்ல விலை கொடுத்து பூட்ஸ் அனுப்பியிருந்தார். கிளினிக் நாளில் மாத்திரம் அதனை அணிவார். வீடு திரும்பியதும் அது கட்டிலுக்குக் கீழே போய்விடும். ஏனென்று கேட்டதற்கு, "அதப் போட்டா நான் நொண்டுறன் மகன். குசினிக்குள்ள விழுந்திருவன்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அவரது குசினியில் அவர் வெறுங்காலோடு நடப்பவர். வெளியே செருப்பாவது ஓரளவு உயரத்தை ஈடுசெய்யும். வீட்டினுள் ஒரு கால் வெறுங்கால், மறு கால் பூட்ஸ் என்றால் உயர வித்தியாசம் இன்னும் கூடுகிறது. அந்த அச்சத்தில் பூட்ஸைக் கைவிட்டார். பின்னர் அவரது இரண்டு விரல்களை அகற்ற நேர்ந்தது. மற்றக் காலைச் சமன்செய்திருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல நான் வைத்தியனல்லன். பூட்ஸ் கட்டிலுக்குக் கீழே போனதற்கான காரணத்தை எவரும் அவரிடம் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்வேன்.

நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழு 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில், இத்தகைய சாதனங்களை அணிவோரின் மற்றக் காலுக்கு உயர்த்திய பாதணி வழங்குவது பற்றிச் சிந்திக்குமாறு பரிந்துரை உள்ளது. சௌகரியத்துக்காகவும் நடையின் சமநிலைக்காகவும் என்று காரணமும் கூறப்பட்டுள்ளது. அது கட்டாய விதியல்ல, மென்மையான பரிந்துரைதான். ஆயினும் செலவு குறைந்த, தீங்கு அரிதான ஒன்றை மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

இங்கே நாம் யோசிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மேலை நாட்டார் வீட்டினுள்ளும் பாதணி அணிந்து பழகியவர்கள். நாமோ வாசலில் செருப்பைக் கழற்றும் மக்கள். 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் வைத்தியர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செயற்கைக் காலை உருவாக்கியபோது, வெறுங்காலோடு நடப்பவரும் குந்தியிருப்பவரும் சேற்றில் இறங்குபவரும் பயன்படுத்தக்கூடியதாக அதனைச் செய்தார்கள். அதனாலேயே அது யுத்தத்தில் கால் இழந்த நமது நாட்டவர்க்கும் பொருந்தியது. அதே சிந்தனை இந்தச் சின்ன விடயத்துக்கும் வேண்டும். வெளியே ஒரு உயர்த்திய செருப்பு, வீட்டுக்குள் மட்டும் அணியச் சுத்தமான இன்னொன்று என்று இரண்டு தேவை. பள்ளிவாசலிலும் வரிசையின் ஓரத்தில் ஒரு கதிரை அவருக்காக இருக்கட்டும். சரிந்த இடுப்போடு நின்று அவர் தடுமாற வேண்டியதில்லை.

செய்துபார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பூட்ஸ் அணிந்தவரைச் சுவரருகே நேராக நிற்கச் செய்து, செருப்பணிந்த மற்றக் காலின் கீழ் மெல்லிய பலகைத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். இரு பக்க இடுப்பெலும்புகளும் ஒரே மட்டத்துக்கு வரும் தடிப்பே தேவையான அளவு. குதிகாலுக்கு மட்டும் உயர்த்தாமல் அடி முழுவதற்கும் உயர்த்துங்கள்; அடி அகலமாக இருந்தால் கால் பிரளாது. றப்பரில் கீறல் வெட்டிக்கொள்ளுங்கள். நனைந்த மாபிள் தரையில் வழுக்காது. உயர்த்தும் துண்டைச் செருப்பின் உள்ளே ஒருபோதும் வைக்காதீர்கள். பிடியில்லாத பாட்டாவைவிடப் பின்பட்டி உள்ள செருப்பே பாதுகாப்பானது. நீரிழிவு உள்ளவர்கள் அந்த நல்ல காலையும் தினமும் சோதிக்க வேண்டும்; அதிலும் புண் வந்துவிட்டால் நிற்கக் காலில்லை. முதுகிலோ இடுப்பிலோ முன்னரே நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டே செய்யவேண்டும். பூட்ஸ் கழன்ற அன்றே உயர்த்திய செருப்பும் கழல வேண்டும்.

"வைத்தியசாலைகளில் சனம் நிரம்பி வழிகிறது, இதையெல்லாம் யார் பார்ப்பது?" என்று கேட்கலாம். இலவச மருத்துவத்தின் பாரத்தைச் சுமக்கும் வைத்தியர்கள், தாதியர்களின் நெருக்கடியை நான் அறிவேன். ஆனால் இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். அமைச்சரின் கையொப்பம் வேண்டாம். கிளினிக் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டினால் போதும். பூட்ஸ் விற்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊருக்கு ஊர் இருக்கும் நலன்புரிச் சங்கங்கள், செருப்புத் தைப்பவர்களுடன் பேசி, வறியவர்களுக்கு அந்தச் செலவைப் பொறுப்பேற்றால் போதும். சக்கர நாற்காலி வழங்கிப் படம் பிடிப்பதைப்போல இதில் விளம்பரம் கிடைக்காது என்பது உண்மைதான்.

வெளிநாடுகளிலிருந்து இதனை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ மாமாவுக்கோ அந்தப் பூட்ஸை வாங்கி அனுப்பும்போது, மற்றக் காலுக்கு மாட்டும் அடியையும் சேர்த்து அனுப்புங்கள். முடியாவிட்டால், பணம் அனுப்பிய பிறகு எடுக்கும் தொலைபேசியில், "புண் எப்படி?" என்று கேட்பதோடு, "வீட்டுக்குள்ள எப்படி நடக்கிறீங்க?" என்றும் ஒரு தடவை கேளுங்கள்.