மேற்பார்வை என்னும் வெற்றுச் சொல்

"சர்வதேசம் கவனித்துக்கொண்டிருக்கிறது" என்று நமது கூட்டங்களில் யாராவது சொன்னால் உடனே கைதட்டல் எழுகிறது. கைதட்டுமுன் ஆர்மேனியர்களின் கதையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1878இல் கையெழுத்தான பெர்லின் ஒப்பந்தத்தின் 61ஆம் பிரிவு, ஒட்டோமான் பேரரசின் கிழக்கு மாகாணங்களில் வாழ்ந்த ஆர்மேனியர்களுக்குச் சீர்திருத்தங்களையும், குர்தியரிடமிருந்தும் சர்க்காசியரிடமிருந்தும் பாதுகாப்பையும் உறுதியளித்தது. அதை வல்லரசுகள் மேற்பார்வை செய்யும் என்றும் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில் சான் ஸ்டெஃபானோவில் எழுதப்பட்ட முந்திய ஒப்பந்தம், ரஷ்யப் படையின் வெளியேற்றத்தோடு சீர்திருத்தத்தை இணைத்திருந்தது. பிரித்தானியாவுக்கு அது பிடிக்கவில்லை. பெர்லினில் அந்த இணைப்பு அறுந்தது. படை போனது, வாக்குறுதி தாளில் தங்கியது. சீர்திருத்தம் செய்வதாகச் சுல்தான் வாக்களித்த இன்னொரு உடன்படிக்கையில் சைப்பிரஸ் தீவின் நிர்வாகம் பிரித்தானியாவின் கைக்கு வந்தது. ஆர்மேனிய விவசாயிக்கு என்ன வந்தது?

1879இல் பிரித்தானிய இராணுவத் தூதர்கள் அனத்தோலியாவுக்குப் போனார்கள். அறிக்கைகள் எழுதினார்கள். சில ஆண்டுகளில் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1891இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது குர்தியக் குலங்களைக் கொண்டு 'ஹமீதியே' குதிரைப்படையை அமைத்தார். யாரிடமிருந்து பாதுகாப்புத் தருவதாகச் சொன்னாரோ, அவர்களுக்கே சீருடையும் துப்பாக்கியும் கொடுத்தார். மேற்பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1894இல் சாசூனில் படுகொலை நடந்தது. அதன் பிறகு, 1895 மே மாதம் பிரித்தானியாவும் பிரான்ஸும் ரஷ்யாவும் ஒரு திட்டம் வரைந்தன. மக்கள்தொகை விகிதப்படி முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் பொலிஸிலும் ஜென்டார்ம் படையிலும் சேர்ப்பது அதிலொன்று. நல்ல திட்டம்தான். ஒக்டோபரில் சுல்தான் ஒப்புக்கொண்டார். அதே மாதங்களில் நகரம் நகரமாகக் கொலை பரவியது. அடுத்த ஆண்டுக்குள் மாண்டவர்கள் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

"வெளியார் தலையிட்டதால்தான் கொன்றார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. அது கொலையாளியின் வாதம். கொன்றவனே பொறுப்பாளி. வல்லரசுகளின் குற்றம் வேறு: ஆறு பேரின் பொறுப்பு என்று எழுதி, ஒருவரின் பொறுப்பாகக்கூட அதை வைத்துக்கொள்ளாதது.

நமக்கும் இது புதிதல்ல. 1987இல் இந்தியா கையெழுத்திட்ட உடன்படிக்கையின் வழியே பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் அதில் எழுத்தில் உண்டு. இன்றுவரை எந்த மாகாண சபையும் அதைக் கையில் எடுத்ததில்லை.

சர்வதேசத்திடம் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கும்போது மூன்று விடயங்களையும் சேர்த்துக் கேளுங்கள். பொலிஸில் யாரைச் சேர்ப்பது என்பதை யார் தீர்மானிப்பார்? அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? வாக்கு மீறினால், எந்த நாடு, எந்தத் திகதிக்குள், என்ன செய்யும்? இவற்றுக்குப் பதில் இல்லாத மனுவில் இனி என் கையெழுத்து இருக்காது.